பதினாலு குச்சி

கேட்டீங்களா அக்கா, இப்ப அந்த ரெண்டு நர்ஸும் பேசிக்கிட்டே போனதை? "அந்தப் பொண்ணு குடுத்து வச்சது. இப்படி ஒரு அண்ணி யாருக்கு அமையும்." என்னைத்தான் சொன்னாங்க. என் காதுல விழணும்னு சொல்லல. விழுந்துருச்சு.

குடுத்து வச்சவளாம். நான்.

நீங்க பேச வேண்டாம். பேச முடியாதுன்னு தெரியும். பல்லுல கம்பி, மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் ரப்பர், தாடைக்கு அடியில இருந்து உச்சந்தலை வரைக்கும் கட்டு. நாலு மாசத்துக்கு முன்னாடி நானும் இதே பெஞ்சுல இப்படியேதான் உக்காந்திருந்தேன். தலையை ஆட்டினா போதும். ஆட்டாட்டியும் பரவாயில்லை. உங்க டோக்கன் இருபத்தெட்டு, என்னோடது முப்பத்தொண்ணு, உள்ள இப்பத்தான் பத்தொன்பது போயிருக்கு. அண்ணி கீழே மருந்து வாங்கப் போயிருக்கா. அந்த வரிசை எப்படியும் அரை மணி நேரம் நகராது. அவ மாடி ஏறி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

நான் இப்படிப் பேசற ஆள் இல்லை. சத்தியமா இல்லை. காலேஜ்ல மூணு வருஷமும் கடைசிக்கு முந்தின பெஞ்சு. கடைசி பெஞ்சுன்னா வாத்தியார் கண்ணுக்குத் தெரிஞ்சிடும், அதனால அதுக்கு முந்தினது. வைவாவுல எல்லாப் பதிலும் தெரிஞ்சும் மேஜையைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு வந்திருக்கேன். பஸ்ல என் ஸ்டாப் வந்தா 'இறங்கணும்'னு சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்திருக்கேன். ஆனா பார்ப்பேன். எல்லாத்தையும் பார்ப்பேன். யார் எங்க நிக்கறாங்க, யார் முகம் எப்போ மாறுது, எதுவும் எனக்குத் தப்பாது. அதனாலதான் தைரியமாச் சொல்றேன், அண்ணி விஷயத்துல நான் சொல்றது அத்தனையும் என் கண்ணால பார்த்தது.

அவ பேரு முத்துச்செல்வி. எங்க அண்ணன் சம்சாரம். அண்ணனுக்குச் சிவகாசியில அச்சாபீஸ்ல வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வீட்ல இருப்பான். மத்த நாள்ல அருப்புக்கோட்டை வீட்ல அம்மா, நான், அவ, மூணு பேர்தான். முன்னறையில மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறா. முகத்துக்கு நேரா 'அண்ணி, நீங்க'ன்னுதான் பேசுவேன். பின்னாடி 'அவ'. தப்புதான். அதுகூட இல்லைன்னா நான் எப்படித்தான் மூச்சு விடறது, சொல்லுங்க.

தை மாசக் கடைசி. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பார்த்துக்கிட்டிருந்தேன். ஒன்பது மணிக்கு உள்ள இருக்கணும். அன்னைக்குத் தலை பின்னி முடிக்க எனக்கு நேரமாயிடுச்சு. அண்ணி தன்னோட ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்னா. ஏறி உக்காந்தேன். "ஷாலை முடிச்சுப் போட்டு உக்காரு. எத்தனை தடவை சொல்றது"ன்னா. அதை ஒரு பதமாச் சொல்லலாம்ல? 'இந்துஜா, ஷாலைப் பார்த்துக்கோம்மா'ன்னு சொல்லலாம்ல? எதிர்த்தாப்புல குழாயடியில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கற மாதிரி சொன்னா. நான் முடிச்சுப் போடல. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கும்ல.

பந்தல்குடி ரோட்டுல திரும்பறதுக்குள்ள ஷால் பின்சக்கரத்துல சுத்திக்கிச்சு. இழுத்த இழுப்புல நான் கீழே. தாடைதான் முதல்ல ரோட்டுல மோதுச்சு. 'இருபதுலதான் போனேன்'னு இன்னைக்கு வரைக்கும் சொல்றா. இருபதோ முப்பதோ, ஓட்டினது யாரு?

தாடைக்கு அடியில கிழிஞ்சு ரத்தம். தன் ஷாலை உருவி என் தாடையோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏத்தினா. வழி முழுக்கப் பேசாதே பேசாதேன்னு அதட்டல். நான் எப்போ பேசினேன்? பக்கத்துல ஒரு கிளினிக்ல அஞ்சு தையல் போட்டு, வெறும் தோல் காயம்தான், ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அம்மா முருகனுக்கு ஒரு தேங்காய் உடைச்சாங்க. அத்தோட முடிஞ்சிருக்க வேண்டியது அக்கா. இவ விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

சாயங்காலத்துல அவகூட உக்காந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுத் தர்றது என் வழக்கம். நூலை முன்பல்லால கடிச்சு அறுப்பேன். விழுந்த மூணாம் நாள் கொக்கி வைக்கறப்ப கத்தரியை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. மிஷின் நின்னுருச்சு. ஏன் கத்தரி எடுத்தேன்னு கேட்டா. சும்மான்னேன். நூலைக் கையில குடுத்து, கடி பார்ப்போம்னா. கடிச்சேன். நூல் பாட்டுக்கு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல வழுக்கிட்டுப் போகுது. கடைவாய்ப்பல்லு முட்டுது, முன்பல்லு சேரவே இல்லை. ஒரு நெல்லு நுழையற அளவுக்கு இடைவெளி. எனக்கு அது ரெண்டு நாளாத் தெரியும். ரெண்டு காதுக்கு முன்னாடியும் வலின்னும் தெரியும். சொல்லல. சொன்னா எல்லாரும் என்னைச் சுத்தி நிப்பாங்க, அதான். ஆனா பாருங்க, வீட்ல ஒருத்தி கத்தரி எடுக்கறதைக்கூட ஒருத்தி கணக்கு வச்சுக்கிட்டு இருக்கான்னா, அதுக்குப் பேரு என்ன? வேவு பார்க்கறது.

எங்கம்மா பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாங்க. எங்க பக்கத்துல ஒரு கட்டு வைத்தியர் இருக்கார். முட்டை வெள்ளைக்கரு தடவித் துணி சுத்துவார். எங்க மாமா கால் உடைஞ்சப்ப அவர்தான் கட்டினார். மாமா இப்போ கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடக்கறார். ஆனா நடக்கறார்ல? அம்மா ஆட்டோவே கூப்பிட்டாச்சு. அண்ணி ஆட்டோக்காரர்கிட்ட, கட்டுக்காரர் வீட்டுக்கு இல்லை, பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கன்னு சொல்லிட்டு என் பக்கத்துல ஏறி உக்காந்துட்டா. அம்மா வாசல்ல பையோட நிக்கறாங்க. பெத்தவளுக்கு இல்லாத உரிமை இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? ஒன்றரை மணி நேரம் பஸ்ல நான் அவ முகத்தையே பார்க்கல.

இங்கதான் வந்தோம். இதே அறைதான். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டினாங்க. உங்களுக்கும் காட்டியிருப்பாங்க. தாடை ரெண்டு காதுக்கு முன்னாடியும் கதவோட கீல் மாதிரி மாட்டியிருக்காம். கீழே தாடையில அடி விழுந்தா விசை மேலே ஏறி அந்தக் கீல்ல உடையுமாம். எனக்கு இடப்பக்கம் கீறல். வலப்பக்கம் முறிஞ்சு உள்பக்கமாச் சாய்ஞ்சு கிடந்துச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள திறந்து நிமித்தி பிளேட்டு வைக்கணும், நாள் போச்சுன்னா கோணலாவே ஒட்டிக்கும், அப்புறம் வாய் திறக்கறதே கஷ்டம்னாங்க.

உடனே அண்ணி ஆரம்பிச்சா. எந்த இடத்துல வெட்டுவீங்க, தழும்பு தெரியுமா, முகம் கோணுமா, எத்தனை ஸ்க்ரூ, இட்லி எப்போ சாப்பிடலாம், முறுக்கு எப்போ கடிக்கலாம். நான் கேட்கணும்னு நினைச்சுக்கிட்டிருந்ததை எல்லாம் வரிசையா அவளே கேட்டா. எனக்குன்னு ஒரு கேள்விகூட மிச்சம் வைக்கல. எப்படி விழுந்தேன்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, நான் ஷாலை முடிச்சுப் போடலன்னும் அவளே சொல்லிட்டா. சுத்தி எட்டு ஸ்டூடன்ட்ஸ் நிக்கறாங்க. எனக்கு உயிரே போயிருச்சு.

ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. வலது கண் இமை சரியா மூடல, நரம்பு சோர்ந்திருக்கு, ஆறு வாரத்துல சரியாயிடும்னாங்க, ஆயிடுச்சு. இந்தத் தழும்பு பாருங்க, காது மடலுக்கு ஓரமா. முடி மறைச்சிடும். நீங்க பயப்படாதீங்க, அந்த டாக்டரம்மா கை நல்ல கை. நான் அவங்களைச் சொல்லல.

எங்கம்மா என் கட்டைப் பார்த்ததும் வாசல்லயே உக்காந்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க அக்கா, நம்ம ஊர்ல தாடையையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணியால யாருக்குக் கட்டுவாங்க? உயிர் போனதும் வாய் பிளந்துக்கக் கூடாதுன்னு கட்டறதுதானே. அய்யோ, உங்களைச் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா மனசு எப்படித் தவிச்சிருக்கும்னு சொல்ல வந்தேன். 'உயிரோட இருக்கற பிள்ளைக்கு வாய்க்கட்டா'ன்னு ஒரே அழுகை. அதுவும் பூ வைக்க நாள் குறிச்ச பொண்ணு. அன்னைக்குச் சாயங்காலம் விளக்கேத்தறதுக்கு முன்னாடி அம்மா அந்தக் கட்டை அவிழ்த்துட்டாங்க. நானும் தலையைக் குனிஞ்சு காட்டினேன். மறுநாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கிருச்சு. உள்ள ரத்தம் கட்டிருச்சுன்னு இங்க கொண்டுவந்து ஊசியால எடுத்தாங்க. வீட்டுக்குத் திரும்பினதும் அண்ணி எங்கம்மாகிட்ட, "அத்தை, இனிமே இவ தலையில கை வைக்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு வைங்க"ன்னா. மாமியாரை. நடு வீட்ல. அம்மா அன்னைக்குச் சாப்பிடவே இல்லை.

இது எல்லாத்தையும்கூட நான் மன்னிச்சிருப்பேன். பூ வைக்க வந்த அன்னைக்குச் செஞ்சது இருக்கே, அதைத்தான் என்னால முடியாது.

விருதுநகர் இடம். மாப்பிள்ளை பேரு ஹரிபாஸ்கர். கோயம்புத்தூர்ல கம்பெனி வேலை. மார்கழிக்கு முன்னாடியே வந்து பார்த்துட்டுப் போயிருந்தாங்க. 'அமைதியான பொண்ணு'ன்னு பிடிச்சுப் போச்சு. பூ வைக்கறதுக்கு வெள்ளிக்கிழமை குறிச்சாச்சு. ஆபரேஷன் ஆகி அன்னைக்குப் பன்னெண்டாவது நாள். தள்ளி வைக்கலாம்னு அண்ணி சொன்னா. தள்ளினா தட்டிப் போயிடும்னு அம்மா சொன்னாங்க. அம்மா சொன்னதுதானே சரி? அண்ணி ஜாக்கெட் குடுக்க வெளியில போயிருந்த நேரமா, அம்மா என்னை உக்கார வச்சு, அவளோட சின்னக் கத்தரியால ரப்பர் ஒவ்வொண்ணா வெட்டி எடுத்துட்டாங்க. சிரிச்சா ரப்பர் தெரியும்ல. முடியைக் காது மூடற மாதிரி தழைய வாரி, மல்லிகைப் பூ வச்சு விட்டாங்க. எவ்வளவு பொறுமையா, எவ்வளவு ஆசையா. வலிக்குதாடா, வலிக்குதாடான்னு கேட்டுக் கேட்டு.

பேச முடியாதே, அதுக்கும் அம்மா வழி வச்சிருந்தாங்க. வெள்ளிக்கிழமை மௌன விரதம்னு சொல்லிட்டாங்க. தண்ணிகூடப் பல்லுல படாது, நல்ல இடம் அமையணும்னு பிள்ளை அஞ்சு வாரமா இருக்குன்னு. அவங்க வீட்டு அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையான்னாங்க. நான் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அதுதானே சுலபம். என் வாழ்க்கையில என் கூச்சத்தை ஒருத்தர் கும்பிட்டது அன்னைக்கு மட்டும்தான் அக்கா. பூத்தட்டை என் மடிக்குப் பக்கத்துல வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க.

அப்போதான் அண்ணி காபி கொண்டுவந்தா. சத்தம் எல்லாம் போடல. தட்டைக் கீழே வச்சா. முந்தானையில கையைத் துடைச்சா.

"விரதம் இல்லைங்கம்மா. வண்டியில இருந்து விழுந்து தாடை எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணியிருக்கு. உள்ள ரெண்டு பிளேட்டு இருக்கு. கொஞ்ச மாசத்துல நல்லாப் பேசும், நல்லாச் சாப்பிடும். தெரிஞ்சுக்கிட்டுப் பூ வைங்க."

அவ்வளவுதான் சொன்னா. அவ்வளவு போதாதா? அந்த அம்மா என் முடியை ஒதுக்கிக் காதோரத்தைப் பார்த்தாங்க. அப்புறம் எங்கம்மாவைப் பார்த்தாங்க. ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்றோம்னாங்க. பூத்தட்டைத் திரும்பத் தூக்கிட்டுப் போறதை நீங்க பார்த்திருக்கீங்களா? தட்டு ஓரத்துல சரம் தொங்கிக்கிட்டே போச்சு. பத்து நாள் கழிச்சு, ஜாதகத்துல ஏதோ இடிக்குதுன்னு போன். மார்கழிக்கு முன்னாடி இடிக்காத ஜாதகம்.

அவங்க போனதும் அவ என்கிட்ட வந்து உக்காந்தா. மன்னிப்புக் கேட்பான்னு நினைச்சேன். "அவங்க வீட்ல போய் எத்தனை வெள்ளிக்கிழமை விரதம் இருப்ப?"ன்னு கேட்டா. பேசறதுக்குப் பதிலா எழுதிக் காட்ட ஒரு நோட்டு வச்சிருந்தேன். அதுல ஒரு பக்கம் முழுக்கப் பெரிசா 'ராட்சசி'ன்னு எழுதி அவ பக்கம் தள்ளினேன். படிச்சா. ஒரு கோபம் வரணுமே, முகம் மாறணுமே. ஒண்ணும் இல்லை. 'கிளம்பு, ரப்பர் திரும்பப் போடணும்'னா. அந்த வெயில்லயே பஸ் ஏத்தி இங்க கொண்டுவந்தா.

ரப்பர் எடுத்த பிறகு வாய்ப்பயிற்சி. உங்களுக்கும் சொல்லுவாங்க. ஐஸ் குச்சியை அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல செருகி வச்சுக்கணும். ஒரு நாளைக்கு ஒரு குச்சி கூட்டணும். மூணு விரலை நெட்டுக்கு நிறுத்தினா உள்ள போகற அளவுக்குத் திறக்கணும். அதுதான் கணக்கு. முதல் மாசம் அம்மா பார்த்துக்கறேன்னாங்க. அம்மா செருகுவாங்க, நான் அழுவேன், அம்மாவும் அழுவாங்க, குச்சியை உருவிடுவாங்க. 'எலும்பு தானாக் கூடும், பிள்ளை ஏன் சித்திரவதைப்படணும்'னு குச்சியை எல்லாம் அரிசிப் பானையில ஒளிச்சு வச்சுட்டாங்க. அந்த மாசம் நான் நிம்மதியா இருந்தேன். கஞ்சி, ஜூஸ், தூக்கம். பங்குனியில இங்க வந்தப்ப டாக்டரம்மா ஸ்கேலை வச்சுப் பார்த்துட்டு, ஒன்றரை விரல்கூட இல்லைன்னு கோபப்பட்டாங்க. என்னை இல்லை, அண்ணியைத்தான் வஞ்சாங்க. அவளும் வாங்கிக்கிட்டா. எங்கம்மா பேரைச் சொல்லவே இல்லை. நல்ல பேர் வாங்கறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்கு பாருங்க.

அன்னையில இருந்து அவ ராஜ்ஜியம். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம், சாயங்காலம். என் அறைக்குள்ள வந்து கதவைத் தாழ் போட்டுடுவா. அம்மா வெளியில நின்னு கதவைத் தட்டுவாங்க. திறக்க மாட்டா. குச்சியைச் செருகிட்டு என் எதிர்ல உக்காந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மடிச்சுத் தைப்பா. ரெண்டு கையும் தைச்சு முடிக்கிற வரைக்கும் குச்சியை எடுக்கக் கூடாது. எனக்குக் கண்ணுல தண்ணி வழியும், வாயில எச்சில் வழியும். துண்டால துடைச்சு விட்டுட்டு மறுபடி ஊசியை எடுப்பா. நான் 'ராட்சசி'ன்னு எழுதினேன்ல, அந்தப் பக்கத்துல காலி இடம் இருந்துச்சுன்னு அதுலயே தேதி போட்டுக் குச்சி எண்ணிக்கை எழுதி வச்சா. ஏழு. எட்டு. எட்டு. ஒன்பது.

என் அழுகைச் சத்தம் தெருவுக்கே கேட்கும். நாத்தனாரைப் போட்டு அடிக்கறான்னு பேசிக்கிட்டாங்க. அளவு ஜாக்கெட் குடுக்க வந்த ரெண்டு பேர் வாசலோட திரும்பிட்டாங்க. நான் போய் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வாய்தான் ஒன்றரை விரலுக்குத் திறக்குமே. ஆனா எதுக்குச் சொல்லணும்? வைகாசி மாசம், முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம், தையல்காரிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த மாசத்துலயும் ஒரு நாளைக்கு மூணு தடவை மிஷினை நிறுத்திட்டு என் வாயைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான்னா, அவளுக்கு என் மேல எவ்வளவு வன்மம் இருக்கணும்.

பதினாலுல நின்னுருச்சு. பத்தொன்பது நாள் பதினாலேதான். பதினஞ்சாவது குச்சி நுனிகூட நுழையாது. தாடை பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். போன தடவை வந்தப்ப டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. அடுத்த வாட்டி வர்றப்ப மூணு விரல் போகலன்னா, மறுபடி மயக்க மருந்து குடுத்து, திறந்து, உள்ள இறுகினதை எடுக்கணும். அதாவது இன்னைக்கு. அந்த அடுத்த வாட்டிதான் இன்னைக்கு. மறுபடியும் கத்தி, மறுபடியும் கட்டு, மறுபடியும் கஞ்சி. எனக்கு அதைக் கேட்டதுல இருந்து தூக்கமே இல்லை. இவ என்னடான்னா அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல இருந்து இறங்கினதும் நாலாவது தடவையும் ஆரம்பிச்சா.

இருபத்து நாலா உள்ள போறது? இருபத்து மூணா. சரி, நேரம் இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை. அண்ணன் வீட்டுக்கு வந்தவன் பையில இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து டி.வி. மேல வச்சான். அவன் வேலை பார்க்கற அச்சாபீஸ்லயே அடிக்கக் குடுத்திருக்காங்க. விருதுநகர்க்காரங்கதான். ஹரிபாஸ்கர் கல்யாணப் பத்திரிகை. ஆவணி முதல் முகூர்த்தம். எங்க அண்ணனுக்கு அதை மறைக்கணும்னும் தோணல, சொல்லணும்னும் தோணல, கொண்டுவந்து வச்சுட்டான். அவன் அப்படித்தான்.

அம்மா அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு விரலால தடவித் தடவி அழுதாங்க. பொண்ணு பேர் போட்ட இடத்தைக் காட்டி, 'இங்க உன் பேர் இருக்க வேண்டியதுடா'ன்னாங்க. தங்க எழுத்து. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கு அழுகை வரல. காதோரத்துல தையல் போட்ட இடம் துடிக்க ஆரம்பிச்சுச்சு.

மிஷின் சத்தம் நின்னுச்சு. அண்ணி வந்தா. கையில நூல் சுத்தின குச்சிக்கட்டு. பதினஞ்சு. பத்திரிகையை ஒரு பார்வை பார்த்தா, அம்மாவை ஒரு பார்வை. அப்புறம் என்கிட்ட, "அதை அப்புறம் படிக்கலாம். வாயைத் திற"ன்னா.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல அக்கா. இருபத்து மூணு வயசுக்கு நான் யாரையும் சத்தம் போட்டது கிடையாது. ஒரு நாயைக்கூட அதட்டினது கிடையாது.

"நீதான். நீதான் என் வாழ்க்கையை நாசமாக்கின. போ. போ வெளியே"

'நீ'ன்னு சொன்னேன். அண்ணியை. எதிர்த்த வீட்டு ஜன்னல் திறந்துச்சு. நான் நிறுத்தல. வார்த்தை எல்லாம் தீர்ந்து போச்சு, வெறும் கத்தல்தான், வாயைப் பிளந்துக்கிட்டு. வலது காதுக்குள்ள ஏதோ பட்டுன்னு விட்டுச்சு. வலிச்சுச்சு. வலிக்கட்டும்னு இன்னும் கத்தினேன். அம்மா என் கையைப் பிடிச்சு இழுக்கறாங்க, அண்ணன் நாற்காலியில இருந்து பாதி எழுந்து அப்படியே நிக்கறான்.

அண்ணி குச்சிக்கட்டைக் கீழே போட்டா. நேரா என்கிட்ட வந்தா. அறையப் போறான்னுதான் நினைச்சேன். அறையட்டும், பதிலுக்கு நானும் அறையலாம்னு காத்துக்கிட்டு நின்னேன். அறையல. அவளோட வலது கை விரல் மூணையும் சேர்த்து, நெட்டுக்கு நிறுத்தி, கத்திக்கிட்டிருந்த என் வாய்க்குள்ள வச்சுட்டா.

கடிச்சேன்.

நாலு மாசத்தையும் சேர்த்து வச்சுக் கடிச்சேன் அக்கா. வண்டிக்கு, பஸ்ஸுக்கு, பூத்தட்டுக்கு, கதவுத் தாழ்ப்பாளுக்கு, எல்லாத்துக்கும். பிளேட்டும் ஸ்க்ரூவும் தெறிச்சாலும் சரின்னு கடிச்சேன். அவ ஊசி பிடிக்கிற கைன்னு தெரிஞ்சுதான் கடிச்சேன். நாக்குல ரத்தம் உப்புக் கரிச்சுச்சு. அம்மா அலறிட்டாங்க. அண்ணன் 'விடு இந்து, விடு'ங்கறான். நான் விடல. அவ முகத்தையே பார்த்துக்கிட்டுக் கடிச்சேன். அவ முகத்தை அவ்வளவு பக்கத்துல நான் பார்த்ததே இல்லை. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, உதட்டை மடிச்சுக்கிட்டா. மணிக்கட்டு வழியா ரத்தம் இறங்கி முழங்கையில சொட்டுது.

கையை உருவல. என் வாயையே பார்த்துக்கிட்டு, இடது கையால கழுத்துல கிடந்த இஞ்சி டேப்பை இழுத்து, என் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல வச்சு அளந்தா.